புதுப் பலகையைப் பழசாக்குதல்: தேயிலைச் சாயமும் இரும்புத் தண்ணீரும்

கவ்வாத்துக் கத்தியைத் துடைக்காமல் வைத்துவிட்டால் மறுநாள் காலையில் அலகெல்லாம் கருநீலக் கறை ஏறியிருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் எல்லோரும் கண்டதுதான். தேயிலையின் துவர்ப்பு இரும்பைத் தொட்டால் கறுக்கும். புதுப் பலகையை ஐம்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்த பலகைபோல மாற்ற நான் சொல்லப்போகும் வழிக்கு அதுதான் அடிப்படை. தேயிலைத் தூள், வினாகிரி, கொஞ்சம் இரும்பு, ஒரு கம்பி பிரஸ், ஒரு கிழமைப் பொறுமை. இவ்வளவும் இருந்தால் தொடங்கலாம்.

நான் இதில் இறங்கியது அப்பாயியின் படத்துக்காக. எங்கள் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில், தேயிலைப் பெட்டிப் பலகையால் அடித்த, சாமான் வைக்கும் தட்டு ஒன்று இருந்தது. தேயிலை மரப்பெட்டியில் கப்பலேறிய காலத்தில் உடைந்த பெட்டிகளின் பலகை இப்படித்தான் எங்கள் வீடுகளுக்குள் வந்தது: தட்டாக, பெட்டகமாக, சாமிப்படத்துக்குப் பின்பலகையாக. பிறகு கடதாசிப் பைகள் வந்தன, பெட்டிகள் போயின. வீட்டைத் திருத்திக் கட்டியபோது அந்தத் தட்டு அடுப்புக்குள் போய்விட்டது. அன்று யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இன்று அந்த இழப்பு எனக்குக் கனமாக இருக்கிறது. அப்பாயியின் மங்கிய படத்துக்குப் புதுப் பலகையில் சட்டம் செய்து மாட்டியபோது, மஞ்சளாகப் பளபளத்த சட்டம் படத்தையே விழுங்கியது. கடையில் விற்கும் கடும் பழுப்பு வார்னிஷை இரண்டு தரம் பூசினேன். புதுப் பலகை கறுப்புச் சட்டை போட்டதுபோல இருந்தது, பழசாகவில்லை. வெறும் நிறத்தால் பழமை வராது என்று அப்போதுதான் புரிந்தது. தண்ணீர் தொட்ட இடம், வெயில் தொட்ட இடம், கை தொட்ட இடம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பழசாகும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டவருக்கு மீதி வேலை சுலபம்.

முதலில் பழைய மரத்தைப் போய்ப் பாருங்கள்

கருவியைத் தொடும் முன் ஒரு நாளைப் பார்ப்பதற்கென்றே ஒதுக்குங்கள். மலைநாட்டு ரயில் பாதை 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்தது. அந்தப் பாதையின் பழைய ஸ்டேஷன்களில் மர வாங்குகளும் கதவுகளும் கூரை ஓர வேலைப்பாடுகளும் இன்னும் இருக்கின்றன. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். அது முடியாவிட்டால் பழைய லயத்துக் கதவு ஒன்று போதும்.

அந்தக் கதவில் என்ன இருக்கிறது? இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மழைத்தண்ணீர் தெறிக்கிற கீழ் அரை அடி வெளிறிச் சாம்பலாகி, நார் எழும்பிச் சொரசொரப்பாக இருக்கும். கூரை மறைக்கிற மேற்பகுதி ஏறக்குறைய அப்படியே பழுப்பாக இருக்கும். தாழ்ப்பாளைச் சுற்றிக் கை எண்ணெய் ஏறிக் கறுத்து மினுங்கும். கொண்டி ஆடி ஆடி அரைவட்டமாக ஒரு கீறல் விழுந்திருக்கும். ஒவ்வோர் ஆணிக்குக் கீழேயும் கண்ணீர் வடிந்ததுபோலக் கறுப்புக் கோடு. அந்தக் கோடு, ஆணியின் இரும்பை மழை கரைத்து மரத்தின் துவர்ப்போடு சேர்த்ததால் வந்தது. நாம் போத்தலில் செய்யப்போவதை மழை தானாகவே செய்திருக்கிறது.

கவ்வாத்துக் கத்தியின் பிடியையும் பாருங்கள். பெருவிரல் பதிகிற இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கும், மற்ற இடம் சொரசொரப்பாகவே இருக்கும். புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் விடுகிற பிழை பலகை முழுவதும் ஒரே அளவாக அடிப்பதும் கீறுவதும்தான். ஒரே அளவாகத் தேய்ந்த பழைய பொருளை நான் எங்கும் கண்டதில்லை.

மலைநாட்டு வீடுகளில் மூன்று விதப் பழமை இருக்கிறது. வெளியே நின்ற மரம் சாம்பல் நிறம். வீட்டுக்குள் புழங்கிய மரம் பழுப்பு. அடுப்படி மரம் விறகுப் புகை குடித்துக் கரிந்த கறுப்பு. உங்கள் பலகை இந்த மூன்றில் எங்கே இருந்திருக்கும் என்று முதலிலேயே தீர்மானியுங்கள். மூன்றையும் ஒரே பலகையில் கலந்தால் எதுவுமே நம்பும்படி இருக்காது.

மரம் ஏன் சாம்பலாகிறது

மரத்தை இரண்டு பொருள்களாக நினைத்துக்கொள்ளுங்கள். செலுலோஸ் என்ற வெள்ளை நார், அந்த நார்களை ஒட்டிப் பிடிக்கிற லிக்னின் என்ற பழுப்புப் பசை. வெயிலின் புற ஊதாக் கதிர் அந்தப் பசையை உடைக்கிறது. மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது வெளிறிய நார். ஈரத்தில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கறுப்புப் பூஞ்சணம் பிடிக்க, வெள்ளையும் கறுப்பும் கலந்து சாம்பல் நிறம் வருகிறது. இந்தச் சாம்பல் தோல் ஒரு மில்லிமீற்றர்கூட இருக்காது. சுரண்டினால் உள்ளே புது மரம்போலவே இருக்கும்.

ஒவ்வொரு 1000 மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 வீதம் கூடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. குளிராக இருந்தாலும் அங்கே வெயில் மரத்தையும் முகத்தையும் வேகமாகச் சுடுவது இதனால்தான். அவசரம் இல்லாதவர்கள் பலகையைக் கூரைத் தகரத்தின்மேல் கட்டிப்போட்டு, மாதம் ஒருமுறை திருப்பிவிட்டு, ஒரு வருஷம் விட்டுவிடலாம். அதைவிட உண்மையான சாம்பல் வேறு எந்த வழியிலும் வராது. மற்றவர்கள் மேலே படியுங்கள்.

எந்தப் பலகை

தொடங்குகிறவர்களுக்குப் பைனஸ் பலகைதான் என் தேர்வு. மரக்காலையில் மலிவு, மென்மை, அதோடு வளையக் கோடுகள் தெளிவு. வளையத்தின் மென்மையான பகுதி கம்பி பிரஸுக்குச் சீக்கிரம் இடம் கொடுக்கும், கெட்டியான கோடு நிற்கும். பழைய மரத்தின் வரிவரியான மேடு பள்ளம் அதனால்தான் பைனஸில் அழகாக வருகிறது. ஒரே குறை அதன் துவர்ப்பு மிகக் குறைவு. அதைத் தேயிலை நிரப்பும்.

அல்பீசியா இன்னும் மலிவு. ஆனால் பிரஸ் போட்டால் பஞ்சுபோல நார் எழும்புமே தவிர வரி விழாது. தோட்டத்தில் டர்பன்டைன் என்று சொல்கிற யூக்கலிப்டஸ், பலா, தேக்கு, மகோகனி இவற்றிலெல்லாம் சொந்தத் துவர்ப்பு இருப்பதால் இரும்புத் தண்ணீர் பட்டதும் தாமாகவே கறுக்கும். தேயிலை தேவையே இல்லை. பலாவைப் பழசாக்குவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது தன் மஞ்சளிலிருந்து பொன்பழுப்புக்குத் தானே போகிற மரம், விட்டுவிடுங்கள்.

சாமான் ஏற்றிவரும் பலட் பலகையும் நல்லது. அதில் கதிர் படம் போட்ட முத்திரை இருக்கும். பக்கத்தில் ‘எச்.டி’ (HT) என்ற எழுத்துகள் இருந்தால் வெறும் சூட்டால் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்.பி’ (MB) என்று இருந்தால் மெதைல் புரோமைட் என்ற நச்சுப்புகை போட்டது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பழைய ரயில் சிலிப்பர் கட்டையும் அப்படித்தான். அழகாகத்தான் இருக்கும், ஆனால் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஊறியது. அதை அறுக்கவும் கூடாது, எரிக்கவும் கூடாது, வீட்டுக்குள் வைக்கவும் கூடாது.

மரம் வாங்கியதும் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். பல வகை மரங்களை வண்டியில் கொண்டுபோக வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எந்த மரத்துக்கு வேண்டும் என்பதை மரக்காலையிலேயே கேட்டுவிடுங்கள்.

நாள் பார்த்தல்

சாயம் ஏறுவதும் காய்வதும் வானிலையைப் பொறுத்தது. ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் மழை. அங்கே பெப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை. பண்டாரவளை, வெலிமடை, பதுளைப் பக்கம் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காற்றும் வெயிலும் இருக்கும். அங்கே மழை வருஷக் கடைசியில்தான் கொட்டும். மூன்று நாள் தொடர்ந்து காயும் என்று நம்பிக்கை இருந்தால் தொடங்குங்கள். பனிமூட்டத்தில் பூசிய பலகை நாலு நாளானாலும் ஈரம் விடாது, பூஞ்சணமும் பிடிக்கும்.

இரும்புத் தண்ணீர் முதலில்

பலகை வேலைக்கு நாலைந்து நாள் முன்பே இதை ஊறப்போட வேண்டும். அதனால் முதலில் சொல்கிறேன்.

அரை லீற்றர் வெள்ளை வினாகிரி வாங்குங்கள். செயற்கை வினாகிரி போதும், தென்னை வினாகிரி சமையலுக்கு இருக்கட்டும். ஸ்டீல் வுல், அதாவது பஞ்சுபோன்ற மெல்லிய இரும்புக் கம்பி, ஒரு கைப்பிடி, 10 முதல் 15 கிராம். ஹார்ட்வெயார் கடையில் வார்னிஷ் வேலைக்கு விற்கும் மெல்லிய ரகம் நல்லது. சட்டி உரசுகிற பளபளப்பான கம்பிச் சுருள் பெரும்பாலும் துருப்பிடிக்காத உருக்கு, அது வினாகிரியில் ஒரு மாதம் கிடந்தாலும் கரையாது. எது என்று தெரியாவிட்டால் ஒரு துண்டை உப்புத் தண்ணீரில் நனைத்து ஓர் இரவு வையுங்கள். காலையில் துரு ஏறியிருந்தால் நமக்கு ஆகும். துருப்பிடித்த பழைய ஆணிகளும் ஆகும், நாள் மட்டும் இரண்டு மடங்கு.

ஸ்டீல் வுல்லில் எண்ணெய் தடவியிருப்பார்கள். சவர்க்காரம் போட்டு அலசிப் பிய்த்து, கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் போத்தலில் வினாகிரியோடு போடுங்கள். மூடியை இறுக்க வேண்டாம். இரும்பு கரையும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறும், மூடினால் போத்தல் வெடிக்கலாம். வாயில் ஒரு துணியைக் கட்டி, அடுப்புக்கும் விளக்குக்கும் தூரமாக, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். போத்தல்மேல் என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். பார்க்கத் தேத்தண்ணிபோலத்தான் இருக்கும், யாராவது குடித்துவிடக்கூடாது.

பதுளையில் மூன்று நாளில் தயாராகும். நுவரெலியாக் குளிரில் ஒரு கிழமைகூட எடுக்கும். கம்பி பெரும்பாலும் கரைந்து, தண்ணீர் கலங்கலாகச் சாம்பல் நிறம் காட்டினால் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். புதிதாக வடித்தது சாம்பல் நிறம் தரும். காற்றுப்பட்டு நாளானால் செம்மஞ்சளாகி, பூசினால் துருப் பழுப்பு தரும். இரண்டுக்கும் உபயோகம் உண்டு, ஆகவே பழைய போத்தலைக் கொட்டிவிடாதீர்கள்.

அடி, தேய்ப்பு, பிரஸ்

சாயத்துக்கு முன்பே மரத்துக்கு வயது கொடுக்க வேண்டும். அப்போதுதான் சாயம் பள்ளங்களில் தேங்கிக் கடுமையாகப் பிடிக்கும். சாயத்துக்குப் பிறகு அடித்தால் ஒவ்வோர் அடியிலும் வெள்ளை மரம் எட்டிப்பார்க்கும்.

மெஷினில் சீவின பலகையில் குறுக்கே சின்னச் சின்ன அலை வரிகள் இருக்கும். சாய்ந்த வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அவை புது மெஷினின் முத்திரை. 80ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரால் ரேகையின் போக்கிலேயே தேய்த்து எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஓரங்கள். புதுப் பலகையின் ஓரம் கத்திபோல இருக்கும், பழையது இருக்காது. படச்சட்டம் என்றால் கீழ் ஓரத்தையும், தூசி துடைக்கும்போது கை படுகிற இரு மூலைகளையும் அரத்தால் அதிகம் உருட்டுங்கள். மேல் ஓரத்தை லேசாகத் தொட்டால் போதும். தட்டுப் பலகை என்றால் முன் ஓரத்தின் நடுப்பகுதி, சாமான் எடுத்து வைக்கிற இடம், நன்றாகத் தேய வேண்டும். பின் ஓரம் சுவரோடு இருந்தது, அதைத் தொடாதீர்கள்.

இனிக் கம்பி பிரஸ். எப்போதும் ரேகையின் போக்கில், ஒரே திசையில், அழுத்தி இழுங்கள். குறுக்கே இழுத்தால் கீறல் விழுந்து வேலை கெட்டுவிடும். பைனஸில் பத்து நிமிஷத்துக்குள் மென்மையான பகுதி பொடியாக உதிரத் தொடங்கும். விரலால் தடவிக்கொண்டே போங்கள். மழை பட்டிருக்க வேண்டிய இடத்தில் ஆழமாகவும் மறைவான இடத்தில் மேலோட்டமாகவும் இழுங்கள். மொத்த வேலையில் நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான், அதில் எனக்கு அலுப்பே வருவதில்லை. உண்மையான மரத்துக்கு மழையும் வெயிலும் பல வருஷம் செய்ததை அரை மணித்தியாலத்தில் கை செய்கிறது, அதற்கு அந்த அரை மணித்தியாலத்தையாவது முழுதாகக் கொடுக்க வேண்டும். முகத்துக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பிரஸின் கம்பி கழன்று தெறிக்கும்.

வெட்டுமுனையை யாரும் கவனிப்பதில்லை. வாள் அறுத்த சமதளமான முனை முழுப் பலகையையும் காட்டிக்கொடுத்துவிடும். உளியால் முனையில் ரேகை வழியே இரண்டு மூன்று சின்ன வெடிப்புகள் பிளந்துவிட்டு, ஓரங்களை மழுக்குங்கள். பழைய மரம் முனையிலிருந்துதான் வெடிக்கத் தொடங்கும்.

அடிகள் குறைவாக இருக்கட்டும். ஒரு சாவிக்கொத்தால் நாலைந்து தட்டு, ஆணி இருந்து பிடுங்கிய இரண்டு ஓட்டை. உளுத்த ஓட்டை வேண்டுமென்றால் மெல்லிய குத்தூசியால், ஓரிடத்தில் ஏழெட்டு நெருக்கமாக, கொஞ்சம் தள்ளி ஒன்றிரண்டு என்று குத்துங்கள். வண்டு மென்மையான வெளிமரத்தைத்தான் தேடும், பலகை முழுவதும் புள்ளி வைத்துக் கோலம் போடாது. உண்மையாக உளுத்த பலகையை வீட்டுக்குள் கொண்டுவருவது வேறு விஷயம். அதிலிருக்கும் வண்டு உங்கள் கட்டிலையும் கூரையையும் தேடிப்போகும்.

சுட்டுக் கருக்கி வயது கொடுக்கும் முறையும் இருக்கிறது. லயத்தில் இருப்பவர்கள் அதைச் செய்யவே வேண்டாம். ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள். ஒரு பொறி ஏறினால் ஒரு குடும்பத்தோடு நிற்காது. அப்படி எரிந்த லயத்தின் முன்னால் நின்ற ஒருவரும் இதை மறக்கமாட்டார்.

தேயிலைச் சாயம்

அரை லீற்றர் தண்ணீரில் ஐந்து மேசைக் கரண்டி டஸ்ட் தேயிலை போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க வையுங்கள். டஸ்ட் ஏன் என்றால், துகள் சிறிதானால் சாரம் வேகமாகவும் கடுமையாகவும் இறங்கும். விலை கூடிய இலைத் தேயிலையை இதில் வீணாக்காதீர்கள். அப்படியே ஆறவிட்டு மறுநாள் வடிகட்டுங்கள். நாக்கில் ஒரு சொட்டு வைத்தால் வாய் கூசிப்போக வேண்டும், அதுதான் பதம்.

கடுக்காய் கிடைத்தால் இன்னும் நல்லது. நாட்டு மருந்துக் கடையில், சிங்களத்தில் அரளு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஆறேழு காயை இடித்து அரை லீற்றர் தண்ணீரில் கொதிக்க வைத்தால் தேயிலையைவிடக் கடுமையான கறுப்பு வரும். பழுப்புச் சாயல் வேண்டுமென்றால் தேயிலை, கருஞ்சாம்பல் வேண்டுமென்றால் கடுக்காய்.

முதலில் பலகையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடுங்கள். பிறகு தேயிலைச் சாயத்தை அகலமான பிரஸால், பள்ளங்கள் நனையும்படி பூசுங்கள். காய்ந்ததும் இன்னொரு தரம். இந்தக் கட்டத்தில் பலகை லேசாக மஞ்சளித்திருக்குமே தவிர ஒன்றும் தெரியாது. மனம் தளர வேண்டாம். பைனஸில் பிசின் கசிகிற முடிச்சு இருந்தால் தின்னர் நனைத்த துணியால் முன்கூட்டியே துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே சாயம் ஒட்டாது.

இரும்பு சேரும் நேரம்

அதே மரத்தின் துண்டுப் பலகை ஒன்றில், பிரஸும் தேயிலையும் எல்லாம் அதே மாதிரி முடித்து (கால் பகுதியை மட்டும் தேயிலை பூசாமல் விட்டு), முதலில் அதில் சோதியுங்கள். துண்டை நாலு பகுதியாகக் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒன்றில் இரும்புத் தண்ணீர் அப்படியே. மற்றதில் ஒன்றுக்கு ஒன்று தண்ணீர் கலந்து. மூன்றாவதில் ஒன்றுக்கு நாலு. கடைசியில் தேயிலை பூசாமல் இரும்பு மட்டும். மறுநாள் வரை காத்திருந்து பாருங்கள், ஏனென்றால் பூசிய உடனே தெரிவது கடைசி நிறம் இல்லை. சில நிமிஷத்தில் கறுக்கத் தொடங்கி, பல மணித்தியாலம் வரை மாறிக்கொண்டே இருக்கும், காய்ந்ததும் கொஞ்சம் வெளிறும். ஈரத்தில் பார்த்துப் பயந்து கழுவியவர்களும், போதாது என்று மேலே மேலே பூசிக் கரிக்கட்டை ஆக்கியவர்களும் உண்டு. நான் இரண்டையும் செய்து ஒரு சட்டத்தை முழுதாக இழந்தேன்.

என் அனுபவத்தில் வெளிச் சாம்பலுக்கு ஒன்றுக்கு நாலு சரியாக வருகிறது. உள்வீட்டுப் பழுப்புக்குத் தேயிலை இரண்டு தரம், இரும்பு அதைவிடவும் மெலிதாக, அதுவும் நாளான செம்மஞ்சள் தண்ணீர்.

ரப்பர் கையுறை போடுங்கள். சீமெந்துத் தரையில் பழைய பேப்பர் விரியுங்கள். ஒரு சொட்டு விழுந்தாலும் அந்தக் கறை போகவே போகாது, உடுப்பிலும் அப்படித்தான். பிளாஸ்டிக் பாத்திரம், நைலோன் பிரஸ். பிரஸின் தகரப் பட்டி சாயத்தில் முங்கக்கூடாது.

பூசும்போது முதலில் சொன்ன கணக்கை மறக்காதீர்கள். மழை தெறித்த பக்கத்துக்கு இரண்டு தரம், மறைவுக்கு ஒரு தரம். வெட்டுமுனை தண்ணீரை உறிஞ்சி மற்ற இடத்தைவிடக் கறுக்கும், பழைய மரத்திலும் அப்படித்தான் இருக்கும் என்பதால் தடுக்க வேண்டாம். ஆணி ஓட்டைக்குள் கடுமையான இரும்புத் தண்ணீரை ஒரு குச்சியால் ஒரு சொட்டு விட்டு, பலகையை நிமிர்த்திப் பிடித்து வடியவிடுங்கள். கதவில் பார்த்த அந்தக் கண்ணீர்க் கோடு உங்கள் கண்முன்னே இறங்கும். எத்தனை தரம் செய்தாலும் எனக்கு இந்த இடத்தில் மனம் நிறைகிறது.

வினாகிரி மணம் மூன்று நாலு நாளில் போய்விடும். போகாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடா கரைத்து லேசாகத் துடைக்கலாம். அதுவும் நிறத்தைச் சற்றுப் பழுப்பாக்கும், ஆகவே துண்டுப் பலகையில் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

மேடுகளைத் திறத்தல்

நன்றாகக் காய்ந்தபின் 180ஆம் இலக்கச் சாண்ட் பேப்பரை ஒரு கட்டையில் சுற்றி, அழுத்தாமல், மேடுகளை மட்டும் தொட்டு எடுங்கள். பள்ளம் கறுப்பாகவே நிற்க, மேடு வெளிறும். கை படுகிற ஓரங்களில் கொஞ்சம் கூடுதல். பலகைக்கு ஆழம் வருவது இந்த ஐந்து நிமிஷத்தில்தான். அதிகமானால் கீழே வெள்ளை மரம் தெரியும், அப்படித் தெரிந்தால் அந்த இடத்தில் மெல்லிய தேயிலைச் சாயம் மட்டும் ஒரு தொடல்.

சுண்ணாம்புச் சாயல் பிடித்தவர்கள் சுண்ணாம்பைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, கால் மணித்தியாலத்தில் ஈரத்துணியால் துடைத்தால் பள்ளங்களில் வெள்ளை தங்கும். கையுறை வேண்டும், சுண்ணாம்பு தோலைச் சுடும். மகோகனியில் சுண்ணாம்பு இன்னொரு வேலையும் செய்யும், மரத்தையே செம்பழுப்பாக ஆழப்படுத்தும்.

பெயின்ற் உரிந்த தோற்றம் வேண்டுமா? சாயம் காய்ந்த பலகையில், கை படும் ஓரங்களில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். அதன்மேல் பச்சையோ நீலமோ பளபளப்பில்லாத பெயின்ற் ஒரு பூச்சு. காய்ந்ததும் மழுங்கிய கத்தியால் சுரண்டினால் மெழுகு உள்ள இடத்தில் பெயின்ற் செதிலாக உரியும். இதைப் புதுப் பலகையில் செய்யுங்கள். பழைய கதவின் உண்மையான பெயின்றைச் சுரண்டவோ சாண்ட் பேப்பர் போடவோ வேண்டாம். நம் நாட்டில் பெயின்றில் ஈயத்துக்கு வரம்பு நடைமுறைக்கு வந்தது 2013இல்தான். அதற்கு முந்திய பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி பிள்ளைகளுக்கு மிகக் கெட்டது.

அடுப்படிக் கறுப்புக்கு வழி சுருக்கம். கடும் சாயம், அதன்மேல் விளக்குக் கரியைத் தேன்மெழுகில் குழைத்துத் துணியால் தேய்த்தல். கையில் கரி ஒட்டாமல் வரும்வரை துடைக்க வேண்டும்.

ஆணியும் கொண்டியும்

நட்சத்திரத் தலை ஸ்குரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. உங்கள் அலமாரி அதைவிட முந்தியது என்று தோன்ற வேண்டுமென்றால் ஒற்றைக் கோடு வெட்டிய தலையுள்ள ஸ்குரூவைத் தேடி வாங்குங்கள், அல்லது ஆணியே அடியுங்கள். வெள்ளிபோல மினுங்கும் நாகப் பூச்சுக் கீல்களை வெளியே காற்றோட்டமான இடத்தில் வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்தால் பூச்சுக் கரைந்து இரும்பு வெளிவரும். கழுவி, இரண்டு நாள் ஈரத்தில் வைத்துத் துரு ஏற்றி, துடைத்து, மெழுகு தடவி நிறுத்துங்கள்.

கடைசிப் பூச்சு

பளபளப்பு வார்னிஷ் இத்தனை நாள் வேலையையும் ஒரே நாளில் அழித்துவிடும். சட்டத்துக்கும் தட்டுக்கும் தேன்மெழுகு போதும். ஒரு பங்கு தேன்மெழுகைச் சுடுதண்ணீருக்குள் வைத்த பேணியில் உருக்கி, அடுப்பை அணைத்து, அதிலிருந்து தூரமாகக் கொண்டுவந்து இரண்டு பங்கு டர்பன்டைன் எண்ணெய் (பெயின்றுக்குப் பாவிப்பது, யூக்கலிப்டஸ் தைலம் இல்லை) சேர்த்துக் கிளறினால் ஆறியதும் களிம்பாகும். துணியால் மெல்லிதாகத் தேய்த்து, ஒரு மணித்தியாலம் கழித்து உலர்ந்த துணியால் துடையுங்கள். நிறம் ஒரு படி கறுக்கும், அதையும் துண்டுப் பலகையில் முன்பே பாருங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது காயாது, நாளடைவில் மணக்கும், தூசியையும் பிடிக்கும்.

ஆளிவிதை எண்ணெய் பூசுகிறவர்கள் ஒரு விஷயத்தை உயிர்போல நினைவில் வைக்க வேண்டும். அந்த எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போட்டால், காய்கிற சூட்டிலேயே தானாகத் தீப்பிடிக்கும். துணியை வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள். வெளியே மழையில் நிற்கப்போகும் பலகைக்கு மட்டும் பளபளப்பற்ற வெளிப்புறப் பூச்சு ஒன்றைக் கடையில் கேட்டு வாங்குங்கள். உணவு படும் பலகைக்கு இந்த முறை எதுவும் ஆகாது.

விற்பதற்குச் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எல்ல, நுவரெலியா பக்கம் தங்குமிடங்களுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும் இப்படியான பலகைக்குத் தேவை இருக்கிறது, நல்ல விலையும் கிடைக்கும். பலகையின் பின்புறத்தில் செய்த வருஷத்தை எழுதிவிடுங்கள். நம் பாட்டன் பூட்டன் புழங்கிய பொருள்கள் மிச்சமிருப்பதே கொஞ்சம். உண்மையான ஒன்று கிடைக்கும்போது அதை அடையாளம் கண்டு காக்க வேண்டுமானால், நாம் செய்தது எது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாட்டும்போது சட்டத்தின் பின் நாலு மூலையிலும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டுங்கள். மலைநாட்டுச் சுவர் மழைக்காலத்தில் ஈரம் கக்கும், சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு விரல் காற்று போனால் பூஞ்சணம் பிடிக்காது. வருஷத்துக்கு ஒருமுறை, மழை விட்டபின், மெழுகு ஒரு தேய்ப்பு. அப்பாயியின் சட்டத்துக்கு இந்த வருஷம் அதை இன்னும் செய்யவில்லை, வெயில் வரட்டும் என்று களிம்புப் பேணி அடுப்படித் தட்டில் காத்திருக்கிறது.